எந்த ஹெட்லைட் பல்பு நாள்பட உழைக்கும்?

உதிரிபாகக் கடையில் ஹெட்லைட் பல்பு வாங்க வருபவர் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி நல்லா உழைக்கும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் பதில் கம்பெனிப் பெயரில் இல்லை. ஓஸ்ராம் அல்ட்ரா லைஃப், ஓஸ்ராம் நைட் பிரேக்கர் இரண்டும் ஒரே கம்பெனியின் சரக்கு; அல்ட்ரா லைஃப் ஒன்று தேயத் தொடங்குமுன் நைட் பிரேக்கரைப் பல முறை மாற்றியிருப்பீர்கள். பிலிப்ஸிலும் அப்படித்தான். ஒரே கம்பெனியின் இரண்டு ரகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி, நல்ல இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே இருப்பதைவிடப் பெரிது. அதைவிடவும் பெரிதாக வேலை செய்வது உங்கள் காரின் ஹோல்டருக்கு வந்து சேரும் வோல்டேஜ். அதனால் முடிவெடுக்க வேண்டிய வரிசை இது: முதலில் வோல்டேஜ், பிறகு ரகம், கடைசியில் கம்பெனி.

இங்கே பேசுவது பெரும்பாலும் ஹாலஜன் பற்றி. ஆல்டோ, வேகன்ஆர், சான்ட்ரோ, ஐ10 போன்ற கார்களின் ஹாலஜன் மாடல்களில் இருக்கும் எச்4, ஐரோப்பிய வடிவமைப்புக் கார்களில் அதிகம் காணும் எச்7, இந்த இரண்டு பல்பு வகைகள்தான் முக்கியப் பாத்திரங்கள்.

ஆயுளை எப்படி எண்ணுகிறார்கள்

பல்பு ஆயுளை மாதத்தில் சொல்வதில்லை, எரியும் மணிநேரத்தில் சொல்கிறார்கள். கம்பெனிகளின் தரவுத்தாளில் இரண்டு எண்கள் இருக்கும். பி3 என்பது, ஒரு தொகுதி பல்புகளில் 3 சதவீதம் போய்விடும் நேரம். டிசி என்பது 63 சதவீதம் போய்விடும் நேரம். ஓஸ்ராமின் சாதாரண எச்7 பல்புக்கு பி3 330 மணி, டிசி 550 மணி. அதாவது 330 மணிக்கு முன்பே போனால் உங்கள் பல்போ காரோ சரியில்லை என்று சந்தேகிக்கலாம். 550-ஐத் தாண்டி எரிந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். அட்டைப்பெட்டியில் போடும் விளம்பர எண் எந்த அளவுகோலில் சொன்னது என்று பார்க்காமல் இரண்டு கம்பெனிகளை ஒப்பிடக் கூடாது. ஒருவர் டிசியையும் இன்னொருவர் பி3-ஐயும் போட்டிருந்தால், ஒரே தரமுள்ள பல்புகள்கூட ஒன்று மற்றதைவிட ஒன்றரை மடங்கு மேலானதாகத் தெரியும்.

இன்னொரு விஷயம், இந்தச் சோதனை நடப்பது 13.2 வோல்டில். காரில் அப்படியே 13.2 வருவது அரிது.

மணிநேரத்தை உங்கள் ஓட்டத்துக்கு மாற்றிப் பாருங்கள். வாரத்துக்கு ஐந்து மணிநேரம் விளக்குப் போட்டு ஓட்டும் குடும்பக் காருக்கு ஆண்டுக்கு 260 மணி. சாதாரண பல்பு இரண்டு ஆண்டு தாங்கும். சென்னையிலிருந்து மதுரைக்கு இரவில் போய், அடுத்த இரவு திரும்பினால் 15 மணி. 33 முறை போய்வந்தால் 500 மணி முடிந்தது. இரவில் மட்டும் ஓடும் வாடகைக் கார் நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் விளக்கெரித்தால், 500 மணி இரண்டே மாதத்தில் கரைந்துவிடும். "ரெண்டு மாசத்துல போயிடுச்சு, டூப்ளிகேட் பல்பு" என்று அந்த ஓட்டுநர் சொல்வார். பல்பு தன் வேலையை முழுதாகச் செய்துதான் போயிருக்கிறது.

வெளிச்சமும் ஆயுளும் ஒரே இழையில்

ஹாலஜன் பல்புக்குள் இருப்பது டங்ஸ்டன் இழை. எரியும்போது அதிலிருந்து டங்ஸ்டன் ஆவியாகிக்கொண்டே இருக்கும். பல்புக்குள் அடைத்திருக்கும் அயோடின் அல்லது புரோமின் சேர்மம் அந்த ஆவியைப் பிடித்து, குவார்ட்ஸ் சுவரில் படியவிடாமல் இழையின் பக்கமே திருப்பி அனுப்புகிறது. இதற்குச் சுவர் 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். ஆனால் திரும்பி வரும் டங்ஸ்டன் கிளம்பிய இடத்திலேயே உட்காருவதில்லை. அதனால் இழையில் எங்கோ ஓரிடம் மெலிந்துகொண்டே போய், அந்த இடம் மேலும் சூடாகி, ஒருநாள் விளக்குப் போட்ட நொடியில் அறுகிறது. போட்ட நொடியில் ஏன்? குளிர்ந்த இழையின் மின்தடை மிகக் குறைவு. சுவிட்சைத் தட்டியதும் பாயும் கரன்ட் வழக்கத்தைவிடப் பல மடங்கு. மெலிந்த இடம் அதைத் தாங்காது.

இழையைக் கூடுதலாகச் சூடாக்கினால் வெளிச்சம் கூடும், வெண்மை கூடும், ஆவியாதலும் கூடும். இந்த விலையை எந்தக் கம்பெனியாலும் தள்ளுபடி செய்ய முடியாது. ஆயுளை நீட்ட அவர்கள் கையில் இருக்கும் வழி, உள்ளே நிரப்பும் வாயு. கிரிப்டான், செனான் போன்ற கனமான வாயுவை அதிக அழுத்தத்தில் அடைத்தால் ஆவியாதல் மட்டுப்படும். நல்ல கம்பெனியின் பல்புக்கும் பெயர் தெரியாத பல்புக்கும் உண்மையான வித்தியாசம் இருப்பது இங்கேயும், இழை சுற்றிய நேர்த்தியிலும், கம்பி வெளிவரும் அடிப்பகுதியின் அடைப்பிலும்தான். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதவை.

வோல்டேஜ் கணக்கை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் போதும். வெளிச்சம் வோல்டேஜின் 3.4-ஆம் அடுக்கில் ஏறுகிறது. ஆயுள் ஏறத்தாழ 13-ஆம் அடுக்கில் இறங்குகிறது. 13.2-க்குப் பதில் 14.0 வோல்ட் பல்பின் காலில் வந்தால் ஆயுள் பாதிக்கும் கீழே போகும். 14.4 வந்தால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். 12.6 மட்டும் வந்தால் ஆயுள் 1.8 மடங்காகும், வெளிச்சத்தில் 15 சதவீதம் குறையும். 12.0-க்கு இறங்கினால் ஆயுள் மூன்றரை மடங்கு நீளும். ஆனால் வெளிச்சத்தில் கால்பங்குக்கு மேல் போய்விடும். "என் பழைய காரில் கம்பெனி பல்பு எட்டு வருஷம் எரிந்தது" என்பவரின் காரில் பெரும்பாலும் நடந்தது இதுதான். வயரிங் வோல்டேஜைத் தின்றுவிட்டது. மங்கலாக எரிந்ததால் நீண்ட நாள் எரிந்தது.

ரிலே வயரிங் கிட் போட்டவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரிய வரும். 12.0 வோல்ட் வந்த ஹோல்டருக்கு, பேட்டரியிலிருந்து நேராகக் கனமான வயர் இழுத்து 13.3 கொடுத்தால் வெளிச்சம் 40 சதவீதம் கூடும், ஆயுள் நாலில் ஒன்றாகும். கிட் போட்டபின் பல்பு சீக்கிரம் போகிறது என்றால் கிட்டில் கோளாறு என்று அர்த்தமில்லை. பல்பு இப்போதுதான் தன் முழு வெளிச்சத்தில் எரிகிறது. இருட்டுச் சாலையில் ஓட்டுபவருக்கு அந்த 40 சதவீதம் பல்பின் விலையைவிட மதிப்புள்ளது என்பதே என் கருத்து.

ரகங்கள்

சாதாரண ரகம்: பிலிப்ஸில் விஷன், ஓஸ்ராமில் ஒரிஜினல், பாஷில் ப்யூர் லைட். கார் ஆலையில் மாட்டி வருவதும் பெரும்பாலும் இந்த ரகமே. 3200 கெல்வின் (வெளிச்ச நிறத்தின் அளவுகோல்; எண் ஏற ஏற வெண்மை கூடும்) அளவிலான மஞ்சள் கலந்த வெளிச்சம், எச்7-இல் சுமார் 500 மணி. பெரும்பாலான கார்களுக்கு இதற்கு மேல் தேவையில்லை.

நீண்ட ஆயுள் ரகம்: பிலிப்ஸ் லாங்லைஃப் ஈகோவிஷன், ஓஸ்ராம் அல்ட்ரா லைஃப் இரண்டும் சாதாரணத்தைப்போல் நாலு மடங்கு வரை, 1,00,000 கிலோமீட்டர் வரை என்று சொல்கின்றன. பாஷ் லாங்லைஃப் டேடைம் மூன்று மடங்கு வரை என்கிறது. கணக்கு ஒத்துப்போகிறது: 500 மணியின் நாலு மடங்கு 2000 மணி, சராசரி 50 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு லட்சம். இந்த ரகத்துக்குப் பெரிய தேவை எழுந்தது வட ஐரோப்பாவில். ஸ்வீடனில் 1977 முதல் பகலிலும் விளக்கெரிய ஓட்ட வேண்டும். அங்கே ஆண்டு முழுக்க ஓடும் காருக்கு சாதாரண பல்பு கட்டுப்படியாகாது. விலையாகக் கொடுப்பது கொஞ்சம் வெளிச்சம். இழை சற்றுக் குளிர்ந்து எரிவதால் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள் கீழ்ப்பக்கமாக நிற்கும், நிறமும் ஒரு சுற்று மஞ்சளாக இருக்கும். ஏற்கெனவே 12 வோல்ட்தான் வரும் பழைய காரில் இதை மாட்டினால் மங்கலின்மேல் மங்கல். அந்தக் காருக்கு இது வேண்டாம்.

கூடுதல் வெளிச்ச ரகம்: பிலிப்ஸ் எக்ஸ்ட்ரீம்விஷன், ரேசிங்விஷன், ஓஸ்ராம் நைட் பிரேக்கர் வரிசை, பாஷ் கிகாலைட். '150 சதவீதம் அதிகம்', '200 சதவீதம் அதிகம்' என்ற எண்களைப் பார்த்து மொத்த வெளிச்சம் மூன்று மடங்காகும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஐக்கிய நாடுகளின் 37-ஆம் எண் விதிப்படி எச்7 பல்பு 13.2 வோல்டில் 1500 லூமன் (பல்பு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) தர வேண்டும். 10 சதவீதம் மட்டுமே கூடலாம், குறையலாம். எச்4-க்கு பிரைட்டில் 1650, டிம்மில் 1000, இரண்டிலும் 15 சதவீத இடைவெளி. ஒப்புதல் பெற்ற எந்தப் பல்பும் இந்த வேலியைத் தாண்ட முடியாது. விளம்பரம் ஒப்பிடுவது சட்டத்தின் குறைந்தபட்ச அளவோடு, அதுவும் காருக்கு முன்னே குறிப்பிட்ட தூரத்தில் சாலையில் விழும் ஓரிடத்தின் வெளிச்சத்தை வைத்து. சிறிய, நெருக்கமாகச் சுற்றிய, கூடுதல் சூட்டில் எரியும் இழையால் வெளிச்சம் ஒரு புள்ளியில் குவிகிறது. ரிஃப்ளெக்டர் அதைத் தூரத்துக்கு எறிகிறது. சாலையில் பயன் உண்மையிலேயே தெரியும். ஆயுள் சாதாரண பல்பின் பாதி, உச்ச ரகங்களில் அதற்கும் கீழே. மாதத்தில் ஓரிரு முறை இருட்டான மாநில நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் வாங்கினால் கொடுத்த காசுக்குப் பொருள் உண்டு. தினமும் நகருக்குள் தெருவிளக்கின் கீழே ஓட்டுபவருக்கு வீண்.

வெள்ளை, நீல ரகம்: பிலிப்ஸ் வைட்விஷன், டைமண்ட்விஷன், ஓஸ்ராம் கூல் ப்ளூ. இவற்றில் கண்ணாடி மீது நீலப் பூச்சு இருக்கும். பூச்சு செய்யும் வேலை மஞ்சளை வடிகட்டுவது, அதாவது வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்குவது. அந்த இழப்பை ஈடுகட்டி லூமன் அளவைத் தொட இழையை மேலும் சூடாக்க வேண்டும். ஆயுள் குறையும், சாலையில் வெளிச்சமும் கூடாது. 5000 கெல்வின் டைமண்ட்விஷன் போன்றவை ஐரோப்பாவில் பொதுச் சாலைக்கு ஒப்புதல் இல்லாதவை. மழையிலும் நனைந்த தாரிலும் இந்த வெண்மை உதவாது. தோற்றத்துக்காக வாங்குவதானால் அப்படியென்று தெரிந்து வாங்குங்கள். ஆயுளையோ வெளிச்சத்தையோ தேடுபவருக்கு இது கடைசித் தேர்வு.

100/90 வாட் ரகம்: பிரைட்டில் 100 வாட், டிம்மில் 90 வாட். தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாக் கடையிலும் கிடைக்கும் எச்4 இது. சாலைப் பயன்பாட்டுக்கு அல்ல என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். 60/55 வாட் எச்4 ஒவ்வொன்றும் சுமார் 5 ஆம்பியர் இழுக்கும் இடத்தில், இது 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆலை வயரில் அதை ஓடவிட்டால் வயரிலேயே வோல்டேஜ் இறங்கி, எதிர்பார்த்த வெளிச்சமும் வராது. ரிலே கிட்டும் பீங்கான் ஹோல்டரும் போட்டவர்களின் காரிலும் ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு கருகும், பாலிகார்பனேட் முகப்பு உள்ளிருந்தே மஞ்சளாகும். இங்கே பல்பு எத்தனை மாதம் தாங்கும் என்ற கேள்விக்கே இடமில்லை. முதலில் போவது ஹெட்லைட் யூனிட். எதிரே வருபவரின் கண்ணுக்குச் செய்வது வேறு. பரிந்துரைக்க மாட்டேன்.

கம்பெனிகள்

பிலிப்ஸா ஓஸ்ராமா என்ற பழைய வழக்கில், ஒரே ரகத்தில் ஒப்பிட்டால் தேர்ந்தெடுக்கும் அளவு வித்தியாசம் இல்லை. இரண்டுமே கார் ஆலைகளுக்குச் சப்ளை செய்பவை. பாஷ், நார்வா, ஹெல்லா பெட்டிகளில் வருபவையும் நம்பத்தக்கவை. இந்தியாவில் நொய்டாவின் பீனிக்ஸ் லேம்ப்ஸ் நெடுங்காலமாக ஹாலஜன் பல்பு செய்துவருகிறது. 2015-இல் சுப்ரஜித் இன்ஜினியரிங் அதை வாங்கியது. இந்த இந்தியத் தயாரிப்புகளின் சாதாரண எச்4, விலைக்கு நேர்மையாக உழைக்கும் சரக்கு. பின்னே நிற்பவை பெட்டியில் தயாரிப்பாளர் முகவரிகூட இல்லாதவை. அவற்றில் ஒன்று ஓராண்டு எரியும், அதன் ஜோடி ஒரே வாரத்தில் போகும். ஆயுள் குறைவு என்பதைவிட, ஆயுளை ஊகிக்கவே முடியாது என்பதுதான் அவற்றின் குறை. இழை ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு தள்ளி நின்றாலும் வெளிச்சம் எதிரே வருபவர் முகத்தில் அடிக்கும். புறஊதாக் கதிரை வடிக்காத மலிவுக் கண்ணாடி, ஹெட்லைட் முகப்பையும் பழுப்பாக்கும்.

நம்பத்தக்க பெயரில் போலிச் சரக்கு வருவதால் பெட்டியை மட்டும் பார்க்காதீர்கள்; பல்பின் உலோக அடியைப் பாருங்கள். வட்டத்துக்குள் ஐரோப்பிய ஒப்புதல் எழுத்தும் நாட்டு எண்ணும் (ஜெர்மனிக்கு 1, பிரான்ஸுக்கு 2), பக்கத்தில் ஒப்புதல் எண், ரகம், வாட் எல்லாம் அழியாத அச்சில் தெளிவாக இருக்கும். விரலால் தேய்த்தால் மையாக வரும் அச்சு, சாய்ந்து நிற்கும் கண்ணாடி, அடியில் பசை வழிந்த தடம் இவை இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெட்டியில் இருக்கும் எண்ணும் உதவும். பிலிப்ஸில் 12342 என்றால் எச்4, 12972 என்றால் எச்7. ஓஸ்ராமில் 64193 எச்4, 64210 எச்7. பின்னால் ஒட்டி வரும் எழுத்துகள்தான் ரகத்தைச் சொல்கின்றன. ஓஸ்ராமில் 'யூஎல்டி' என்று முடிந்தால் அல்ட்ரா லைஃப், 'சிபிஐ' என்றால் கூல் ப்ளூ. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று கொடுக்கும்போது பார்க்க வேண்டியது இந்த எழுத்துகளை.

காருக்குக் கார் ஏன் மாறுகிறது

ஒரே பெட்டியில் வந்த இரண்டு பல்பை இரண்டு கார்களில் மாட்டினால் ஆயுள் வேறாகும். பல்பின் வகையே முதல் காரணம். எச்4-இல் இரண்டு இழை, டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பிரைட் இழைக்கு ஆயுள் குறைவு, ஆனால் ஓட்டுபவர் பழக்கத்தைப் பொறுத்து எதுவும் முதலில் போகலாம். ஒரு இழை போனாலும் முழுப் பல்பையும் மாற்ற வேண்டும். எச்7-இல் ஒரே இழை, 55 வாட்டில் 1500 லூமன். ஜப்பானிய, அமெரிக்கக் கார்களில் வரும் எச்பி4 பல்பு 51 வாட்டில் 1095 லூமன்தான் தருகிறது. வாட்டுக்கு லூமன் குறைவு என்றால் இழை குளிர்ந்து எரிகிறது என்று பொருள். அதனால் எச்பி4 இயல்பிலேயே எச்7-ஐவிட நீண்ட நாள் உழைக்கும். எச்7 கார் வைத்திருப்பவர் எச்பி4 கார்க்காரரைப் பார்த்துத் தன் பல்புக் கம்பெனியைத் திட்டுவதில் நியாயமில்லை.

அடுத்தது வயரிங். பழைய சிறிய கார்கள் பலவற்றில் விளக்கின் முழுக் கரன்டும் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வழியே சுற்றி வரும். சுவிட்ச், கனெக்டர், எர்த் ஒவ்வொன்றும் கொஞ்சம் வோல்டேஜைத் தின்னும். நவீன ஐரோப்பிய கார்கள் பலவற்றில் கண்ட்ரோல் யூனிட்டே விளக்குக்குப் போகும் மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுத்து, ஆல்டர்நேட்டர் 14.5 கொடுத்தாலும் பல்பு உணரும் வோல்டேஜ் 13 சுற்றி நிற்கும்படி பார்த்துக்கொள்ளும். அந்தக் காரில் தரவுத்தாளின் மணிநேரம் அப்படியே கிடைக்கும்.

மூன்றாவது, பல்பை மாற்றும் சிரமம். எச்4 காரில் பானட்டைத் திறந்து, ரப்பர் மூடியைக் கழற்றி, கிளிப்பை விடுவித்தால் ஐந்து நிமிட வேலை. சில கார்களில் பேட்டரியை எடுக்க வேண்டும், சிலவற்றில் முன் பம்பரையே இறக்கி யூனிட்டை வெளியே எடுக்க வேண்டும். பம்பர் கழற்றும் காருக்கு நீண்ட ஆயுள் ரகம் தவிர வேறெதையும் யோசிக்காதீர்கள். கூலி பல்பின் விலையைத் தாண்டிவிடும்.

வாங்குமுன் வோல்டேஜ் பார்க்கும் முறை

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். எஞ்சினை ஓட்டி 2000 ஆர்பிஎம் அளவில் வையுங்கள். ஹெட்லைட்டும் ஏசியும் ஆனில் இருக்கட்டும். முதலில் பேட்டரியின் இரு முனையிலும் அளவெடுங்கள். பிறகு ஹோல்டரின் பின்பக்கம் வயர் நுழையும் இடத்தில், பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே, பாசிட்டிவ் காலிலும் எர்த் காலிலும் முனைகளை வைத்து அளவெடுங்கள். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் எண் பொய் சொல்லும். கரன்ட் ஓடாத வயரில் வோல்டேஜ் இறங்குவதில்லை. இரண்டு அளவுக்கும் வித்தியாசம் அரை வோல்டுக்குள் இருந்தால் வயரிங் நலம். ஒரு வோல்ட் போய்விட்டால் எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டி இறுக்குங்கள், ஹோல்டர் பின்களைப் பாருங்கள். பிறகே ரிலே கிட் பற்றி யோசிக்கலாம்.

பேட்டரியில் தொடர்ந்து 14.8-க்கு மேல் காட்டினால் ஆல்டர்நேட்டர் ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும். எந்தக் கம்பெனிப் பல்பும் அந்தக் காரில் நிற்காது. பேட்டரியும் கொதித்துத் தண்ணீர் வற்றும். ஸ்மார்ட் ஹைபிரிட் போன்ற கார்களில் சார்ஜ் வோல்டேஜ் ஓட்டத்துக்கு ஏற்ப ஏறி இறங்குவது இயல்பு என்பதால், அவற்றில் ஒரே அளவை வைத்து முடிவெடுக்காமல் சில நிமிடம் பாருங்கள்.

போன பல்பு சொல்லும் சேதி

கழற்றிய பல்பைத் தூக்கி எறியுமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி தெளிவாக இருந்து, இழை ஓரிடத்தில் அறுந்து, முனைகள் சிறு உருண்டையாக உருகியிருந்தால் ஆயுள் முடிந்து போனது, அல்லது வோல்டேஜ் கூடுதல். உள்ளே வெண்மஞ்சள் புகைத்தூள் படிந்திருந்தால் காற்று புகுந்துவிட்டது. அடைப்பில் விரிசல், அல்லது ஹெட்லைட்டுக்குள் தங்கிய மழைநீர் சூடான கண்ணாடியில் பட்டிருக்கிறது. ரப்பர் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடியின் ஒரு பக்கம் கொப்புளம்போல் உப்பியிருந்தால் மாட்டியவரின் விரல் எண்ணெய்தான் காரணம். அந்த இடம் அளவுக்கு மீறிச் சூடாகி குவார்ட்ஸ் இளகிவிட்டது. இழை நீண்டு தொங்கி அறுந்திருந்தால் அதிர்வு: கிளிப் தளர்வு, ஆடும் யூனிட், குண்டும் குழியுமான சாலை. கண்ணாடி முழுக்கக் கறுத்து வெள்ளிபோல் மினுங்கினால் ஹாலஜன் சுழற்சி வேலை செய்யவில்லை. மலிவுப் பல்பில் அதிகம் காண்பது இது.

கால்கள் பழுப்பேறி, ஹோல்டர் உருகியிருந்தால் புதுப் பல்பு மட்டும் மாட்டாதீர்கள். பின்னுக்கும் காலுக்கும் இடையே தளர்வு இருக்கிறது. அந்த இடத்தின் சூடு பல்பின் அடிப்பகுதிக்கு ஏறி, உள்ளே கரன்டைக் கடத்தும் மெல்லிய மாலிப்டினம் தகட்டை ஆக்சிஜனேற்றி அழிக்கும். அந்தத் தகடு 350 டிகிரிக்கு மேல் தாங்காது. பீங்கான் ஹோல்டரும் புதுப் பின்களும் போட்ட பிறகே பல்பு.

மாட்டும்போது கண்ணாடியைத் தொடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தொட்டுவிட்டால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, உலர்ந்த பிறகு மாட்டுங்கள். எச்4-இன் மூன்று காதுகளும் பள்ளத்தில் சரியாக அமர்ந்து, கிளிப் கிளிக் என்று விழ வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரே நாளில் மாட்டிய இரண்டும் ஒரே மணிநேரம் எரிந்தவை. ஒன்று போனால் மற்றதுக்கும் அதிக நாள் இல்லை. இன்னும் எரியும் பழையதைப் பெட்டியில் வைத்து டூல் கிட்டோடு போட்டுவையுங்கள், நடுவழியில் உதவும். எஞ்சினை ஸ்டார்ட் செய்த பிறகு விளக்கைப் போடுவதும், நிறுத்துமுன் அணைப்பதும் காசில்லாமல் ஆயுள் கூட்டும் பழக்கங்கள்.

எல்இடியும் செனானும்

"50,000 மணி உழைக்கும் எல்இடி இருக்க ஹாலஜன் எதற்கு?" என்று கேட்கலாம். அந்த எண் எல்இடி சில்லுக்கு, நல்ல குளிர்ச்சியில். ஹெட்லைட் மூடிக்குள் எஞ்சின் சூட்டில் உட்காரும் பல்பில் முதலில் போவது சின்ன விசிறியோ, சில்லுக்கு மின்சாரத்தைச் சீராகக் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட்டோதான். விசிறி நின்றால் வெளிச்சம் தானாக மங்கும். அதைவிடப் பெரிய சிக்கல், ரிஃப்ளெக்டர் ஹாலஜன் இழையின் இடத்துக்காக வடித்தது. சில்லு அதே இடத்தில், அதே அளவில் இல்லையென்றால் வெளிச்சம் சிதறும். ஜெர்மனியில் 2020-இல் ஓஸ்ராம் நைட் பிரேக்கர் எல்இடிக்கும், அடுத்த ஆண்டு பிலிப்ஸ் அல்டினான் ப்ரோ 6000-க்கும் அனுமதி கிடைத்தபோதுகூட, சோதித்துப் பார்த்த கார் மாடல்களின் பட்டியலுக்கு மட்டுமே அது செல்லும். பட்டியலில் இல்லாத காரில் அதே பல்பு அங்கேயும் சட்டவிரோதம்.

ஆலையிலேயே செனான் (இழைக்குப் பதில் செனான் வாயுவில் மின்வில் எரியும் விளக்கு) வந்த கார் என்றால் கணக்கு வேறு. 35 வாட்டில் 3200 லூமன், 2000 முதல் 3000 மணி. அறுந்து போவதில்லை, வெளிச்சம் இளஞ்சிவப்பாக மாறி, அணைந்து அணைந்து எரியத் தொடங்கும். ஓஸ்ராம் செனார்க் அல்ட்ரா லைஃபுக்கு ஐரோப்பாவில் பத்தாண்டு உத்தரவாதம் தந்திருக்கிறார்கள். ஹாலஜன் யூனிட்டில் தனியாக வாங்கிப் பொருத்தும் செனான் கிட், 100/90 பல்பின் இடத்தில்தான் சேர்த்தி.

யாருக்கு எது

இரவு முழுக்க ஓடும் வாடகைக் கார், வோல்டேஜ் 13-க்கு மேல் நன்றாக வருகிறது: பிலிப்ஸ் ஈகோவிஷன் அல்லது ஓஸ்ராம் அல்ட்ரா லைஃப். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றியவருக்கு ஏழெட்டு மாதம் வரும். 14.2-க்கு மேல் ஹோல்டரில் வரும் காருக்கும் இதுவே சரி; கூடுதல் வோல்டேஜ் அதன் மங்கலை ஈடுகட்டிவிடும்.

வயரிங் தளர்ந்த பழைய எச்4 கார்: முதலில் எர்த்தையும் ஹோல்டரையும் சரிசெய்து, சாதாரண 60/55 பல்பு மாட்டுங்கள். 100/90 தேடி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் வேண்டியது இதுதான்.

நகருக்குள்ளே அலுவலகம் போய்வரும் கார்: எந்த நல்ல கம்பெனியின் சாதாரண ரகமும் போதும். எப்போதாவது மலைப்பாதையிலும் விளக்கில்லாத சாலையிலும் இரவில் ஓட்டுபவர், கண் பார்வை இரவில் சற்று மங்கியவர்: நைட் பிரேக்கர் அல்லது எக்ஸ்ட்ரீம்விஷன், ஓராண்டுக்குள் மாற்ற நேரும் என்று தெரிந்தே. வோல்டேஜ் 14-க்கு மேல் வரும் காரில் இந்த ரகம் வேண்டாம். அந்தக் குறைந்த ஆயுளும் பாதிக்குக் கீழே போகும்.

பின்பக்கச் சிறு பல்புகளுக்கு இத்தனை யோசனை தேவையில்லை. பிரேக் விளக்கின் இரட்டை இழைப் பல்பு (21/5 வாட்), இண்டிகேட்டர், பார்க்கிங் லைட்டின் 5 வாட் பல்பு எல்லாவற்றிலும் நல்ல கம்பெனியின் சாதாரண ரகமே போதும். அடிக்கடி போனால் பெரும்பாலும் பச்சைப் பூத்த ஹோல்டரோ, ஈரம் இறங்கும் கேஸ்கெட்டோ காரணம். பிரேக்கை மிதித்தால் பார்க்கிங் லைட்டும், இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மின்னினால் பல்பைத் தொடாதீர்கள். அந்த விளக்கின் எர்த் வயரைத் தேடுங்கள்.